தலைக்கு மேலே லாபம்

இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர், இங்கேயே பிறந்தவர், இனி வரப்போகிறவர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினாலும் லாபம் அண்ணனைப் போல ஒரு சவரக் கைக்காரரைக் காட்ட முடியாது. அவருடைய நாற்காலியில் சாய்ந்தவனுக்குத் தொண்டையில் கத்தி, தலைக்கு மேலே விஷம். அப்படியும் பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். மீதிப் பேர் மூச்சே விடவில்லை.

கடை, சிராங்கூன் சாலையிலிருந்து தேக்கா சந்தைக்குப் போகும் சந்தில் இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில், ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த நானும் அந்தோணியும் அதன் மாடியறையில் குடியிருந்தோம். கடையின் உத்தரத்திலும் கண்ணாடிக்குப் பின்னாலும் குடியிருந்தவை சிலந்திகள். ஒட்டடையில் தொங்குகிற நோஞ்சான்கள் அல்ல. வலையே பின்னாமல் சுவரில் ஓடி, கரப்பானை மடக்கித் தின்னும் ரகம்; காலை விரித்தால் உள்ளங்கை கொள்ளாது. கடித்தால் உயிர் போகாது. ஆனால் போய்விட்டதா என்று நாமே தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

அண்ணன் ஊரிலிருந்து வந்து கடை திறந்த அன்று, முதல் போணியாக வந்து உட்கார்ந்தவர் ஒரு மலாய்ப் போலீஸ்காரர். சாய்ந்ததும் கூரையைப் பார்த்தார். கை நீட்டி, "லபா-லபா, பெசார்" என்று கத்தியபடி, ஒரு பக்கத்து மீசையோடு வெளியே ஓடினார். லபா-லபா என்றால் மலாயில் சிலந்தி. அண்ணனுக்கு மலாய் ஒரு சொல்கூடத் தெரியாது. அவரோ நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்கும் ஊரில் பிறந்தவர். காதில் விழுந்தது "லாபம், லாபம்". எதிர்க் கோப்பிக் கடையில் போய், "பெசார்னா என்னங்க?" என்று மட்டும் கேட்டார். "பெரிசுன்னு அர்த்தம்லா" என்றார்கள். அவ்வளவுதான். போலீஸ்காரரே கூரையைக் காட்டிப் பெரிய லாபம் என்று சொல்லிவிட்ட பிறகு, விளக்குமாற்றை அந்தப் பக்கம் எவன் நீட்டுவான்?

அவசரக்காரனான நான் குடிவந்த வாரமே உண்மையைப் போட்டு உடைத்தேன். அண்ணன் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"அவரு சிலந்தின்னாரு, எனக்கு லாபம்னு கேட்டுச்சு. வாய் அவரோடது, காது என்னோடது தம்பி."

உண்மையில் லாபம்தான். அந்தச் சந்திலேயே கரப்பான் இல்லாத கடை அது ஒன்றுதான். அதைவிடப் பெரிய லாபம், வாடிக்கையாளர்கள் அசைய மாட்டார்கள். மற்ற கடைகளில் ஆட்கள் தும்முவார்கள், அரசியல் பேசுவார்கள், சாலையில் போகிறவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் கோவில் சிலை. "மேல இருக்கிறவ பாத்துக்கிட்டு இருக்கா, ஆடாதீங்க" என்பார் அண்ணன். புதிதாக வந்தவர்கள் அம்மனைச் சொல்கிறார் என்று கையெடுத்துக் கும்பிட்டதும் உண்டு.

கூடக் குடியிருப்பதற்கு அவரிடம் சட்டதிட்டம் இருந்தது. காலையில் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, "கடை திறந்தாச்சு, ஒதுங்குங்க" என்று அறிவிப்பார். துண்டை உதறாமல் யார் தோளிலும் போட மாட்டார். நாங்கள் காலணி போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டாலே, "சப்பாத்தைத் தட்டிப் போட்டீங்களா?" என்று குரல் வரும். இந்தப் பழக்கம் முற்றி, பயிற்சி வகுப்பில் நான் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார, பக்கத்திலிருந்தவர் பூச்சிக்குப் பயந்து எழுந்து நின்றார்.

அந்தோணி ஒருநாள் உதறாமல் சட்டையைப் போட்டுக்கொண்டான். முழங்கை இட்லியாக வீங்கியது. அண்ணன் படிகாரக் கல்லை நனைத்துத் தேய்த்தார். அவருடைய வைத்தியசாலையில் கத்திக் காயத்துக்கும் படிகாரம், தலைவலிக்கும் படிகாரம்.

"நான் செத்தா சவப்பெட்டியிலயும் படிகாரம்தான் வைப்பீங்களா?" என்று முனகினான் அந்தோணி.

"வச்சா கெடாது தம்பி" என்றார் அண்ணன்.

எல்லாம் சரி, கல்யாணம் மட்டும் கூடி வரவில்லை. அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பார்க்க வந்த பெண் வீட்டார் எல்லோரும் கூரையைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தார்கள். கடைசியாக ஒரு தரகர் செம்பவாங்கில் ஒரு மேஸ்திரியின் மகளைப் பேசி முடித்துவிட்டு, "இதுவும் போச்சுன்னா என்னைத் தேடாதீங்க" என்று கும்பிடு போட்டார். பெண்ணின் பெயர் பார்வதி. படத்தைப் பார்த்ததிலிருந்து அண்ணன் தனக்கே தினம் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார்.

மேஸ்திரி மகளோடு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவதாகத் தகவல். சனிக்கிழமையே அந்தோணி விளக்குமாற்றோடு வந்து நின்றான்.

"ஒரு நாளைக்குத்தாண்ணே. விரட்டிடுவோம். தாலி கட்டின பெறகு அதுங்களா வந்துடும்."

"அப்ப வந்து பாக்குறப்ப அந்தப் பொண்ணு என்னைப் பத்தி என்ன நினைக்கும்?" என்றார் அண்ணன். விளக்குமாற்றை வாங்கி, தரையில் கிடந்த முடியைக் கூட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மேஸ்திரி வந்தார். "மாப்பிள்ளை கையைப் பாப்பமே" என்று நேரே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பார்வதி பெஞ்சில் உட்கார்ந்தது. நானும் அந்தோணியும் வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். ஒரு கன்னம் முடிந்து, கத்தி தொண்டைக்கு இறங்கியது. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிலந்திகளில் பெரியவள் குதித்தாள். நேரே மேஸ்திரியின் தோள். அங்கிருந்து கழுத்துக்கு ஓட்டம்.

அண்ணன் இடது கையால் அதைப் பொத்தினார். பொத்திய கையில் அது கடித்தது. கடித்தது எங்களுக்கு எப்படித் தெரியுமென்றால், அண்ணனின் கண் ஒருமுறை இறுக மூடித் திறந்தது. வலது கையிலிருந்த கத்தி மட்டும் அதே வேகத்தில் மேஸ்திரியின் குரல்வளையைத் தாண்டி மேலே வந்து சேர்ந்தது. கத்தியைத் துடைத்து வைத்தார். மூடிய கையைக் கண்ணாடிக்குப் பின்னால் கொண்டுபோய் மெல்லத் திறந்துவிட்டார்.

"என்ன அது?" என்று எழுந்தார் மேஸ்திரி.

"சிலந்தி மாமா. கடிச்சிருச்சு."

"யாரை?"

"என்னைத்தான்."

"எப்போ?"

"கத்தி உங்க தொண்டையில இருந்தப்போ."

மேஸ்திரி தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கூரையைப் பார்த்தார். "நல்ல கைதான்லா, இல்லைங்கல. ஆனா இந்த வீட்டுக்கு நான் பொண்ணு தர முடியாது. வாம்மா" என்று வாசலுக்கு வந்துவிட்டார். அண்ணன் வீங்கத் தொடங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

பார்வதி எழுந்திருக்கவில்லை. முதல் தடவையாக வாயைத் திறந்தது.

"கடிச்சதை ஏன் அடிக்கல?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்: "நான் அது மேல திடீர்னு கையை வச்சேன், பயந்துட்டுது. பயந்ததைப் போயி எப்படிங்க அடிக்கிறது?"

பார்வதி அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்த கையை எட்டிப் பார்த்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அப்பா, தேதி பாருங்க" என்றது.

ஒரு கன்னம் பளபளப்பு, மறு கன்னம் நுரை என்று நின்ற மேஸ்திரிக்கு வாய் திறந்தபடியே இருந்தது. அண்ணன்தான் துண்டை உதறிக்கொண்டு, "மாமா, அந்தப் பக்கம் பாக்கி இருக்கு, உட்காருங்க" என்றார். மேஸ்திரி மகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நாற்காலியைத் தட்டினார், உட்கார்ந்தார். எங்கள் சந்தில் நிச்சயதார்த்தம் அப்படித்தான் நடந்தது.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம்தான் ஆகிறது; நான் இப்போது குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் இருக்கிறேன். வீட்டில் எனக்கும் பெண் தேடுகிறார்கள். பையன் எப்படி என்று விசாரிக்க வருகிறவர்களை அந்தக் கடைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லும்படி நான் இருந்திருக்க வேண்டுமே என்பது ஒன்றுதான் என் கவலை.