பால் பூத் பின்னாடி வருது

பேய்க்கதை படிப்பதற்கு ஒரு விதி உண்டு. கதை நடக்கும் இடம் நமக்குத் தெரியாத இடமாக இருக்க வேண்டும். மலையுச்சி பங்களாவில் யார் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தால் நமக்கென்ன, அங்கே நாமா வாடகைக்கு இருக்கிறோம்? அதே பேய் நாம் தினமும் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு ஏறும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால்தான் வம்பு. இந்த விதியை நான் மீறியதால் என் அக்காவின் கல்யாணம் வடாலா ஸ்டேஷனில் நின்றுபோகப் பார்த்தது. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்தில் உட்காருபவர், "அந்தக் கதையக் கொஞ்சம் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார். எழுதி வைத்துவிட்டால் அதை அவரிடம் நீட்டிவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

எங்கள் வீடு மும்பை ஆண்டாப் ஹில்லில், பி விங் என்ற கட்டடத்தில். ஒரே மாதிரி மஞ்சள் அடித்த கட்டடங்கள், ஒரே மாதிரி கேட். வாட்ச்மேனே சில நாள் தப்பான கட்டடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் படித்ததெல்லாம் இந்தி மீடியம். வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ். எழுத்துத் தமிழ் மட்டும் அம்மா சுவர்க் காலண்டரைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தது. அதனால் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் ஆகிய மூன்றும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்றதையெல்லாம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

அந்த லட்சணத்தில், ஆண்டாப் ஹில்லில் நடக்கும் பேய்க்கதை ஒன்று மொபைலில் தமிழில் தொடராக வருகிறது என்று ஆபீஸில் ஒருவன் சொன்னான். விடுவேனா? எங்கள் பஸ் ஸ்டாப், எங்கள் கேட், எங்கள் நாற்றமெடுத்த சாக்கடை, எல்லாம் அப்படியே இருந்தன. முதல் பேய்தான் புதிது. அதன் பெயர் 'பால் பூத்'. நான் கேள்விப்படாத ரகம். இந்தியில் பூத் என்றால் பேய் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும், எனவே இது பால் போல வெளுத்த பேயாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். (அறிவு என்பது ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு நானே சாட்சி.)

'தெருமுனையில் பால் பூத் வெள்ளையாக நின்றது' என்று எழுதியிருந்தது. 'காலையில் பால் பூத் திறந்ததும் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள்' என்று இருந்தது. என்ன திறந்தது, வாயையா? வரிசையில் நின்று கையை நீட்டும் அளவுக்கு இந்த ஜனங்களுக்கு என்ன வசியம்? பிறகு ஓர் உச்சிப்பொழுதில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பால் பூத்தில் நின்று வழி கேட்கிறார். பேய் அவர் உருவத்தில் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். தப்பிக்கும் வழியும் போட்டிருந்தது: எவன் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே, திரும்பிப் பார்க்காதே, தண்டவாளத்தைத் தாண்டிவிடு. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

இதற்கு நடுவே செல்வி அக்காவைப் பெண் பார்க்க சான்பாடாவிலிருந்து வருகிறார்கள் என்று ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் காபி குடித்துவிட்டு, பெண் லேபில் பார்க்கும் வேலையை விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். இந்த மாப்பிள்ளை மட்டும்தான், வேலையை ஏன் விட வேண்டும் என்று போனிலேயே திருப்பிக் கேட்டவர். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருடைய அப்பா டைரி வைத்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். தினமும் ஏதோ எழுதுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று காலையில் அக்கா என்னிடம், "இது தவறிப் போச்சுன்னா இன்னொருக்கா சேலை கட்டிட்டு வந்து நிக்க என்னால முடியாதுலே. களைச்சுப் போச்சு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வீடு கண்டுபிடிக்க முடியாது என்பதால் அவர்களைத் தெருமுனை தூத் சென்டரில் நிற்கச் சொல்லியிருந்தது. பால் வாங்கும் கடைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அவர்கள் வர இன்னும் நேரம் இருக்கிறதே என்று, காபிக்குக் கூடுதல் பால் வாங்க நான் கீழே இறங்கினேன். உச்சி வெயில். கடை ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, ஒரு பெரியவர். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே, "தம்பி, பி விங் எந்தப் பக்கம்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. திரும்பி நடந்தேன்.

அவரும் நடந்தார். போட்டோவில் அக்கா பக்கத்தில் நின்ற என்னை அடையாளம் கண்டுகொண்டு, நான் வழிகாட்டுவதாக நினைத்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நான் வேகம் கூட்டினேன், அவரும் கூட்டினார். எனக்கு அவரைத் தெரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, பைய போங்க. நாந்தான் பால் பூத்து."

தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் பேயை நான் அதுவரை படித்ததில்லை. அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன்.

"அக்கா, பால் பூத் என் பின்னாடியே வருது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"வருதுங்காத, வாராவன்னு மரியாதையாச் சொல்லு. காதுல விழுந்துரப் போவுது. நல்லபடியாக் கூட்டிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டுப் பெண்களைத்தான் முதலில் வசியம் பண்ணும் போலிருக்கிறது என்று நினைத்தேன். இனி வீட்டுக்குப் போவதில் அர்த்தமில்லை. தண்டவாளம் ஒன்றுதான் கதி. வடாலா ஸ்டேஷன் போகும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடி ஏறி, முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினால் கண்டக்டர் வாங்கவில்லை. "தேரா ஹோ கயா. பீச்சே வாலா அங்கிள் நே லியா" என்றார். பின்னால் ஏறிய பெரியவர் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாராம். என் உயிருக்கு அவர் முன்பணம் கொடுத்துவிட்டதாகவே எனக்குப் பட்டது.

ஸ்டேஷனில் குதித்து, தண்டவாளத்துக்கு மேலே போகும் பாலத்தில் ஏறினேன். பாதிப் படியில் பின்னாலிருந்து, "யம்மா, முட்டி" என்று ஒரு பெண் குரல். கதையில் பேய்க்கு முட்டி வலித்ததாக இல்லை. வேறு வழியில்லாமல் திரும்பிப் பார்த்தேன்.

படியில் ஓர் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மல்லிகைப்பூப் பொட்டலமும் ஆப்பிள் பையுமாக ஒருவர். அக்காவின் போனில் நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்த அதே மாப்பிள்ளை முகம். தெருமுனையில் பூ வாங்கிக்கொண்டிருந்த அவர்களும் பெரியவரோடு என் பின்னாலேயே பஸ் ஏறியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் வெள்ளை வேட்டிப் பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா போன்லயே சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார். "வந்த ஸ்டேஷனுக்கே கொண்டாந்து விட்டுட்டியளே."

சான்பாடாவுக்கு ரயில் அங்கிருந்துதான். சற்றுமுன் அவர்கள் வந்து இறங்கியதும் அங்கேதான். என் மண்டையில் அது உறைத்தபோது, தண்டவாளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. காலையில் அக்கா சொன்னது நினைவுக்கு வந்து அழுகையே வந்துவிட்டது. இருபத்து மூன்று வயதில், ஜனங்கள் ஏறி இறங்கும் படிக்கட்டில் நின்று, உங்களைப் பேய் என்று நினைத்துவிட்டேன் என்று ஒரு சம்பந்தியிடம் சொன்ன ஆள் மும்பையில் வேறு யாராவது இருந்தால் எனக்கு அவரைப் பார்க்க ஆசை.

போனைக் காட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் படியிலேயே உட்கார்ந்து, கூட்டம் விலகிப் போக, நிதானமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்தார். "இதுல பேயே இன்னும் வரல தம்பி. இது பால் விக்கிற பூத்து. சான்பாடாவுல நாங்க டைரின்னு வச்சிருக்கமே, அதான். இவியளுக்கு அங்க பேரே பால் பூத்துதான். கதையில வார பெரியவர் பால் வாங்க வந்து வழி கேக்காரு." எவன் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே, தண்டவாளத்தைத் தாண்டிவிடு என்பது? அது கதாநாயகனைப் பால் வாங்க அனுப்பும்போது அவன் பெண்டாட்டி சொன்னதாம். வழியில் தண்டவாளத்தோரம் நின்று வெட்டிக்கதை பேசுகிறவனாம் அவன். தமிழில் 'ப' ஒன்றுதான். பால் விற்கிற பூத்துக்கும் அதுதான், இந்திப் பேய்க்கும் அதுதான். எது எது என்று எங்கள் வீட்டுக் காலண்டரில் போட்டிருக்கவில்லை.

மாப்பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினார். பெரியவர் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தோம். காபி குடித்தார்கள், பேசினார்கள். போகும்போது அவர், "கலந்துக்கிட்டு போன் பண்ணுதோம்" என்றார். அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டுச் சுவர்கூட ஒப்பிக்கும். அக்கா என்னைத் திட்டவில்லை. சேலையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சில நாள் கழித்து, ஆபீஸுக்குப் போகிற வழியில் தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஒரு போன்.

"பால் பூத்து பேசுதேன்" என்றது குரல். தண்டவாளம் எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தேடினேன். "எங்களுக்குச் சம்மதம். பொண்ணுக்குச் சம்மதமான்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க. யாரும் அந்தப் பிள்ளகிட்ட அதக் கேட்ட மாதிரித் தெரியல. நீங்களா வழி காட்ட வேண்டாம், அத மட்டும் கேட்டுச் சொன்னாப் போதும்."

ஓடிப் போய்க் கேட்டேன். அக்கா சம்மதம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் என்னைத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள்.

இப்போது அக்கா வீடு சான்பாடா ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் நான் போகும்போதெல்லாம் அக்காவின் மாமனார் வெள்ளை வேட்டியோடு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார். என்னைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடப்பார். கூப்பிட்டாலும் பதில் கிடையாது, திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். மார்க்கெட்டைச் சுற்றி, பாலத்துக்கு அடியில் புகுந்து, ஒருமுறை வாஷி வரைகூடப் போய்த் திரும்பியிருக்கிறோம். வேர்த்து விறுவிறுத்து நான் வாசலில் போய் நின்றால், அக்கா தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு, "இன்னைக்குச் சீக்கிரமே விட்டுட்டாவளே" என்பாள்.