அரக்கு பார்டர் கட்டிய பெடல் பலகை

ஆரணி,
15.6.2005

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் பாலமுருகன் அவர்களுக்கு, மாமா கந்தசாமி எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்கா கமலம், மகள் லாவண்யா, நான் மூவரும் உயிரோடு இருக்கிறோம். தாங்கள் சென்னையில் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டில் கொள்ளி வைத்தவருக்கு என்ன குறைச்சல்?

லாவண்யா பிறந்தநாளுக்குத் தாங்கள் பெரிய மனது பண்ணி அனுப்பிய ஐந்து கிடார் பெடல்களும் வந்து சேர்ந்தன. கிடாரைக் கையால் வாசிப்பது போதாதென்று காலால் வேறு மிதிக்க வேண்டுமாம். ஒன்றை மிதித்தால் உறுமுகிறது. இன்னொன்றை மிதித்தால் வாசித்ததையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதற்கு உங்கள் அக்கா போதாதா? ஐந்தையும் ஒரு பலகையில் ஒட்டி, குட்டி ஒயர்களால் கோர்த்து, கூடத்தில் நடுநாயகமாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கண்ணமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கமலம் அலையாய் அலைந்து பிடித்த சம்பந்தம். காலையில் அந்தப் பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அரக்கு நிறப் பெடலை ஒட்டி இன்னொரு அரக்கு, ஓரத்தில் பச்சை! பட்டுப்புடவை விற்கிறவன் வீட்டில் இதுவா கலர் மேட்ச்? லாவண்யா குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து, நடுவில் பச்சை, இரண்டு பக்கமும் அரக்கு என்று பார்டர் கட்டி ஒயரை மாட்டிவிட்டேன். லட்சணமாக இருந்தது. வரிசை மாறினால் சத்தமும் மாறும் என்று டப்பாவில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் கம்பெனிக்காரன் குடியா முழுகிவிடும்?

மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்குப் பாட்டு வருங்களா?" என்றார். கமலம் வாயைத் திறப்பதற்குள் லாவண்யா கிடாரோடு வந்து மிதித்தாள். அடேயப்பா! ஒரு சத்தம் அடங்குவதற்குள் அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் கூடி ஊளையிட்டன. மாப்பிள்ளையின் அப்பா மடியில் காபி. லாவண்யா குனிந்து பலகையைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மன்னிச்சிக்கங்க, நான்தான் மாத்தி மாட்டிட்டேன்" என்றாள். அப்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாவி மகள். அங்கேயே உட்கார்ந்து வரிசையைச் சரிசெய்து மறுபடி வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது. யார் கேட்டார்கள்? எல்லோரும் வேட்டியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

மறுநாள் சொல்லி அனுப்பினார்கள்: "பொண்ணு புடிச்சிருக்குதுங்க. ஆனா அந்தப் பலகை எங்க வாசப்படி ஏறக்கூடாது." கமலத்துக்கு வாயெல்லாம் பல். "ஜல்தியா எந்தம்பிக்கு எழுதுங்க, வந்து தூக்கிகினு போவட்டும்" என்கிறாள். லாவண்யா அன்றிலிருந்து கிடாரைத் தொடவே இல்லை. ஆகவே தாங்கள் வருகிற ஞாயிறு வந்து தங்கள் சீர்வரிசையைத் திரும்ப எடுத்துச் செல்லவும்.

இனி யாருக்காவது பரிசு வாங்கும்போது தங்களுக்கு நல்ல புத்தி வர நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
வேறு வழியில்லாத மாமா
கந்தசாமி

பி.கு: பாலமுருகா, மேலே இருப்பதெல்லாம் உன் அக்கா நச்சரித்து எழுத வைத்தது. தபால்பெட்டியில் போடக் கிளம்பியவன் பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போய்விட்டேன். "எம்பொண்ணு வந்தா பலகையோடதாங்க வருவா" என்று சொன்னேன். "அப்ப வேற எடம் பாத்துக்கங்க" என்றார்கள். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. பலகையைத் தொடாதே. உன் அக்காவிடம் இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.