நாற்காலியோடு ஓடியது

பார்வையாளன் என்றால் உட்கார்ந்து பார்ப்பவன். அவனை எழுந்து வந்து நடி என்பது அக்கிரமம். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

என் மகள் கவிதா நந்தனத்தில் கல்லூரியில் படித்தபோது, மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் முதல்முறையாக நாடகத்தில் நடித்தாள். மேடை கிடையாது. பார்க்க வருபவர்களும் நாடகத்துக்குள் வர வேண்டுமாம். "நைனா, யாரு இன்னா சொன்னாலும் கோவப்படாத. நாடகத்த கெடுத்துடாத" என்று கெஞ்சித்தான் என்னையும் என் மனைவியையும் கூட்டிப்போனாள்.

கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கூப்பிட்டுவிடுவார்களோ என்று குனிந்த தலை நிமிரவில்லை. (கணக்கு வாத்தியார் கேள்வி கேட்கும்போது உட்காருவோமே, அப்படி.)

கவிதாவுக்கு அதிகாரி வேஷம். வாயே திறக்காமல், ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் சாக்பீஸால் நம்பர் எழுதிக்கொண்டு வந்தாள். ஹாலில் அந்தக் கிறீச் சத்தம் மட்டும்தான்.

முன்பு அடையாற்றங்கரையில் எங்கள் வீட்டுக் கதவில் இப்படித்தான் நம்பர் போட்டார்கள். பின்னாலேயே இடிக்க பொக்லைன் வந்தது. இப்போது ஊருக்கு வெளியே, அரசாங்கம் கொடுத்த அடுக்குமாடி வீட்டில் கிடக்கிறோம்.

என் முறை வந்தது. எழுதுவது நான் பெற்ற பெண், நாற்காலி வாடகைக்கு எடுத்தது, எல்லாம் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால், மொத்தக் கூட்டமும் ஆளுக்கொரு நாற்காலியோடு பின்னால் வருகிறது. (படித்த கூட்டம். என்னை நடிகன் என்று நினைத்துவிட்டது.) ஆட்டோக்கள் நின்றுவிட்டன. மகள் நாடகத்தைக் கெடுத்துத் தொலைத்தோம் என்று நாற்காலியைத் தெருவிலேயே இறக்கி வைத்தேன்.

நாடகம் போட்டவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "பிரமாதமா பண்ணீங்க சார்."

"யோவ், பயந்து ஓடியாந்தேன்யா" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

கவிதா மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் வந்து, என் நாற்காலியில் இருந்த நம்பரைச் சட்டைக் கையால் அழித்தாள்.

உள்ளே போனால், காலி ஹாலில் என் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். "சேர தூக்கிகினு ஓடுனியே, பக்கத்துல பொண்டாட்டி குந்திகினு கீறது தெரியலையா?"

இன்றைக்கும் கரண்ட் மீட்டர் பார்க்க ஆள் வந்தால் போதும், "யோவ், சேர தூக்கு" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.