ஜப்பான் அதிகாரிக்கு விழுந்த அடி

புதிதாக வேலைக்குச் சேரும் விரிவுரையாளன் முதல் வகுப்பில் அள்ளி வீசும் வாக்குறுதிகளை யாராவது தடுத்து நிறுத்த வேண்டும். என்னை யாரும் தடுக்கவில்லை.

கூலிம் நகரில் ஒரு சிறிய தனியார் கல்லூரி. அங்கே சினிமா அறிமுக வகுப்பு எடுக்கப் போனவன் (மீசையே சரியாக முளைக்கவில்லை, கழுத்துப்பட்டை மட்டும் பேராசிரியர் அளவு), "நான் பாடம் நடத்தப்போவதில்லை. நீங்கள்தான் படம் எடுக்கப்போகிறீர்கள். நானும் உங்களில் ஒருவன். படப்பிடிப்பில் இயக்குநர் சொல்வதே சட்டம்!" என்று முழங்கினேன்.

அதைப் பிள்ளைகள் நம்பித் தொலைத்தார்கள்.

உலகப்போரில் ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்துக் கதையைத் தேர்ந்தெடுத்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தோட்டத்துக்குச் சிப்பாய்கள் வருகிறார்கள். இயக்குநர், பக்கத்து ஊரான லூனாஸிலிருந்து வந்த மாணவி தேவி. ஜப்பான் அதிகாரியாக நடிப்பவன் மொட்டை போட வேண்டும் என்றதும் பையன்கள் எல்லோரும் தலையைப் பொத்திக்கொண்டார்கள்.

"சார், நீங்களும் எங்கள்ல ஒருத்தர்தானே?" என்றாள் தேவி.

அன்று மாலை என் மொட்டையைப் பார்த்த அம்மா, வாசலிலேயே, "யாருடா போயிட்டா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

துறைத் தலைவரோ, "படத்தைப் பார்த்துத்தான் உங்க வேலைய நிரந்தரமாக்குறதா வேணாமான்னு சொல்வேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் படப்பிடிப்பு. அங்கே லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளிப் பெண்கள் உற்சாகமாக நடிக்க வந்தார்கள். குமரன் என்ற மாணவனை நான் இழுத்துப் போவேன், அவர்கள் நின்று அழ வேண்டும். ஒத்திகையில் அப்படி அழுதார்கள், நானே குமரனை விட்டுவிட்டேன்.

கேமரா ஓடியது. குமரனின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பாவி, வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொந்தமாகச் சேர்த்தான்: "அக்கா, என்னக் காப்பாத்துங்கக்கா!"

அந்தப் பெண்களில் ஒருவரான, பால்மரம் வெட்டும் அஞ்சலையக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"விடுடா புள்ளைய!"

விளக்குமாறு என் மொட்டையில் இறங்கியது. அடுத்த நொடி மற்றப் பெண்களும் என்னை அடிக்கக் கிளம்பிவிட்டார்கள். நான் ஓடினேன். ஜப்பான் வாள் (அட்டைதான்) காலில் சிக்கியது. "கட்! கட்!" என்று கத்தினேன்.

கேமராவோடு பக்கவாட்டில் ஓடிவந்த தேவி மூச்சு வாங்கச் சொன்னாள்: "சார், கட் நான்தான் சொல்லணும்! நல்லா வருதுலா, ஓடுங்க!"

ஓடினேன். பால்மரங்களுக்கு நடுவே இருந்த சேற்று வடிகாலில் தலைகுப்புற விழுந்த பிறகுதான் தேவி மனமிரங்கி, "கட்!" என்றாள். என்னைக் கைகொடுத்துத் தூக்கியதும் அஞ்சலையக்காதான். "ஐயோ சாரே, ஒங்களயா அடிச்சேன்? நெசமாவே ஜப்பான்காரன்னு நெனச்சிட்டேன்!"

வேறு காட்சி எடுக்க நேரமில்லை. உள்ளதை உள்ளபடி வைத்து, தோட்டத்து மண்டபத்தில் திரையிட்டோம். முன்வரிசையில் துறைத் தலைவர். நான் வேறு வேலைக்கு மனு எழுதும் மனநிலையில் இருந்தேன். திரையில் நான் ஓட, மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அஞ்சலையக்கா எழுந்தார். "எங்கம்மாவோட அண்ணன இந்தத் தோட்டத்துலேர்ந்துதான் புடிச்சிட்டுப் போனாங்க. திரும்பி வரல. அன்னிக்கு யாராலயும் ஒரு அடி அடிக்க முடியல. எங்கம்மா இருந்தா இதப் பாத்திருக்கும்." பிறகு அவரே சிரித்தார்: "இன்னொரு வாட்டி போடுங்கலா!"

மூன்று முறை போட்டோம். வேலை நிரந்தரமானது.

சில ஆண்டுகள் கழித்து என் கல்யாணத்துக்கு அஞ்சலையக்கா பட்டுப்புடவையில் வந்து நேரே முதல் வரிசையில் உட்கார்ந்தார். என் மாமனார் மரியாதையாக விசாரித்தார்: "மாப்பிள்ளைக்கு நீங்க என்ன சொந்தம்மா?"

"அடிச்ச சொந்தம்லா, ஐயா" என்றார் அக்கா.

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் மனைவி கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு அமைதியாகக் கேட்பாள்: "சொந்தத்தக் கூப்பிடவா?"