குதிரை வந்தால் சரித்திரம்

சாலை, திருவனந்தபுரம்
19-8-1974

பெருமதிப்புக்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் சிவதாணு பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான், என் மனைவி மங்கலம், மகள் நாச்சியார், வீட்டுக் கத்திரிக்கோல் ஆகிய நால்வரும் இவ்விடம் நலம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் அவ்வண்ணமே இருக்க அனந்தசயனனை வேண்டுகிறேன். எந்தக் கதையையும் அரைப் பக்கத்தில் இன்ன வகை என்று சொல்லிவிடும் வித்தையை நான் கண்டுபிடித்துவிட்டேன். மகிழ்ச்சியில் எழுத்து கோணினால் மன்னிக்கவும். எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும்.

நாச்சியாருக்கு நாகர்கோவில் கோட்டாற்றில் ஒரு வரன் அமைந்தது. பையன் நீலகண்டன், மின்சார ஆபீசில் வேலை. ஜாதகம் பொருந்தியது. பையனும் பெண்ணும் ஒரே சமயத்தில் தலை குனிந்ததிலிருந்து மற்றதும் பொருந்திவிட்டது என்று தெரிந்தது. பையனின் தாயார் சிவகாமியம்மாள் மட்டும்தான் பாக்கி. அந்த அம்மாளுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, தடித்த கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரிவதில்லை. "மக்கா, திருவனந்தபுரத்துப் பிள்ளைகளுக்கு மலையாளந்தானே படிப்பு? ஒனக்குத் தமிழ் வாசிக்க வருமா?" என்று கேட்டார். நாச்சியார் வாய் திறக்குமுன் நான், "வருமாவது! மூச்சு விடாம வாசிப்பா" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்த தமிழ் எழுத்துகள் சாலைக் கடைப் பலகைகளில் இருப்பவை மட்டும். உடனே அந்த அம்மாள் உள்ளே போய், தங்கள் இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்த தாள்களைச் சணல் கட்டோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "பாதி வாசிக்கையிலே கண்ணு போயிட்டு. இதைப் பைண்டு பண்ணிக் கொண்டாங்க. நிச்சயத்தன்னைக்கு இந்தப் பிள்ளை மீதியை வாசிச்சுக் காட்டட்டும். தெணறாம வாசிச்சான்னா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." திணறினால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிச்சயதாம்பூலம் வருகிற வெள்ளிக்கிழமை.

தாள்களின் மேல்விளிம்பைக் கரையான் தின்றிருந்தது. தலைப்பு, அத்தியாய எண், பக்க எண் எல்லாம் அதன் வயிற்றில். மிச்சமிருந்த விளிம்பையும் கிழக்கேகோட்டை பைண்டர் தங்கப்பன் கத்தி வைத்துச் சீராக நறுக்கி, சிவப்புக் காலிகோத் துணி போட்டுத் தைத்துக் கொடுத்தான். நாச்சியார் ராத்திரி பகல் பாராமல் எழுத்துக்கூட்டிப் பழகி, நாலு மாதத்தில் புத்தகத்தை முடித்தும்விட்டாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் நான் அதைத் திறந்து பார்த்தேன். முதல் தாளில் ஓர் அரசி குதிரை ஏறுகிறாள். சிறிது தள்ளி ஓர் இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியால் தரையைப் பார்க்கிறார். அதற்கடுத்து ஒரு மருமகள் காப்பி ஆற்றுகிறாள், மாமியார் "சூடு போச்சு" என்கிறாள். மறுபடியும் குதிரை. மூன்று தொடர்கதைகளைத் தங்கப்பன் ஒன்றாகக் கலந்துவிட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பொத்தான் போடாமலே ஓடினேன்.

"சாரே, கொண்டுவந்த வரிசையிலேயாக்கும் தச்சது. ஒரு தாளும் மாறியிட்டில்லா" என்றான்.

"உமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

"அறியில்லா."

"பிறகு வரிசை சரின்னு எப்படிச் சொல்லுதீர்?"

"அறியாததுகொண்டு தானே சாரே மாத்தாம விட்டது!"

குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்தேன்.

மண்டியில் எந்த மூட்டையானாலும் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்து வகை சொல்கிறவன் நான். கதையும் சரக்குத்தானே? மூன்று முறம் வைத்தேன். குதிரை வந்தால் சரித்திரம், சிகரெட் துண்டு வந்தால் துப்பறியும் கதை, காப்பி வந்தால் குடும்பக் கதை. இதில் பாதி பிரிந்தது. மீதிக்கு நுட்பம் தேவைப்பட்டது. கதவைக் கவனித்தேன். சரித்திரத்தில் கதவுக்குப் பின்னால் சுரங்கப்பாதை இருக்கிறது. துப்பறியும் கதையில் அது உள்ளே தாழிட்டிருக்கிறது. குடும்பக் கதையில் அதன் பின்னால் மாமியார் நிற்கிறாள். கண்ணீர் விஷயத்தில் மங்கலம் என்னைவிடத் தேர்ந்தவள். "இஞ்ச பாருங்க, அழுதவ நல்லவளா இருந்தா குடும்பக் கதை. செத்த வீட்டுல மொத ஆளா அழுதவ கொலைகாரியா இருந்தா அது போலீஸ் கதை. ராணியளுக்கு அழ ஏது நேரம்? பல்லக்குக்காரன் காத்துக்கிட்டு நிப்பான்லா." இதை ஒரு கல்லூரியிலும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. ஒரு தாளில் மருமகள் காப்பி ஆற்றும்போதே குளம்படி ஓசை கேட்டது. எனக்கும் மங்கலத்துக்கும் அன்று பேச்சுவார்த்தை நின்றது. வாசலில் ஜட்கா வண்டி வந்திருக்கும் என்று முடிவுசெய்து சமாதானமானோம். பக்கத்தின் நடுவிலேயே வகை மாறிய இடங்களில் கத்திரிக்கோலைப் பயன்படுத்தினேன். வெட்டினால் பின்பக்கமும் வெட்டுப்பட்டது; அதையெல்லாம் நாச்சியாரை விட்டுக் கையால் எழுதி ஒட்டவைத்தேன். காகிதச் சிக்கனம் வேண்டியதுதான், ஆனால் ஒரு தாளில் மூன்று தொடர்கதைகளை அச்சிடுவது தங்களுக்கே அதிகமாகத் தோன்றவில்லையா?

தங்கள் ஓவியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசிக்கும் மருமகளுக்கும் கழுத்தில் ஒரே இடத்தில் ஒரே மச்சம். நாச்சியார்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, அந்த மச்சம் எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தாள். "ஓவியனுக்குச் சோம்பல்" என்று விளக்கினேன். "அதில்லப்பா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். நாலு மாதத்துக்கு முன் எழுத்துப் படித்தவள் இலக்கியம் பேசக்கூடாது என்று கண்டித்தேன். அதன்பிறகு அவள் சிரித்துக்கொண்டே பசை தடவிக் கொடுத்தாள்.

இப்போது மூன்று கதைகளும் மூன்று புத்தகங்களாக, பொன் எழுத்துடன், கம்பீரமாக நிற்கின்றன. ஒரே ஒரு தாள் மட்டும் எந்த முறத்திலும் நிற்கவில்லை. அதன் கடைசி வரிகள்: 'காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். "இன்ஸ்பெக்டர் மாமா, எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. என் குதிரையின் சேணவாரை அறுத்தது யார் தெரியுமா?" என்றாள்.' குதிரை, காப்பி, இன்ஸ்பெக்டர் மூன்றும் இரண்டே வரியில்! தங்கள் அச்சகத்தில் எழுத்துகள் கொட்டிக் கலந்திருக்க வேண்டும். வகை தெரியாத சரக்கைப் புரட்டுவது மண்டி வழக்கமில்லை. ஆகவே பின்பக்கத்தை நான் வாசிக்கவில்லை. அசல் தாளைச் சனிக்கிழமையே தங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தாங்கள் பரிசீலித்து அதைத் திருத்தி அச்சிடவும், என் விதிகளைத் தங்கள் இதழில் வெளியிட்டு எழுதப் பழகும் இளைஞர்களைக் கரையேற்றவும் வேண்டுகிறேன்.

தங்கள் பேனாவில் மை குறையாமலும், தங்கள் சந்தாதாரர் வீடுகளில் கரையான் ஏறாமலும் இருக்க வாழ்த்தும்,

வே. சிவதாணு பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சம்பந்தியம்மாளின் கார்டு வந்தது, பையனின் கையெழுத்தில். 'நான் விட்ட இடத்தை நாச்சியாரிடம் சொல்லவும். குதிரையிலிருந்து விழுந்து செத்த ராணி, மறுபிறவியில் இன்ஸ்பெக்டரின் அண்ணன் வீட்டு மருமகளாக வந்திருக்கிறாள். அவளுக்கு முற்பிறவி ஞாபகம் வந்ததா, சேணவாரை அறுத்தது யார் என்று தெரியாமல் கண்ணில் கட்டோடு கிடந்து தவித்தேன். அதை என் மருமகள் வாயால் கேட்க வேண்டும்.' ஆகவே மேலே கண்ட விதிகளைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். ஓவியரிடம் என் மன்னிப்பைச் சொல்லவும். இனி நான் தங்கப்பன் கடை இருக்கும் தெரு வழியே போவதாக இல்லை.

நிச்சயதாம்பூலத்துக்குக் கேடில்லை. நாச்சியார், நான் பிரிப்பதற்கு முன்பே தைத்த வரிசையில் முழுக்கதையையும் வாசித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வாயாலேயே சொல்லிவிடுவாளாம். சேணவாரை அறுத்தது யார் என்று நானும் மங்கலமும் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தோம். "அத்தைகிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை வரை எங்களால் தாங்க முடியாது. அந்தத் தாளை உடனே திருப்பி அனுப்பவும்.