நாற்பத்து மூன்று லொறிகளும் பாஸ்

பதுளை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றிப்காவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உம்மா, கடை, கடைப் பூனை எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கொழும்பில் நீயும் சுகமாயிருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ ஏச மாட்டாய், பேசாமல் இருப்பாய். அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற தெம்பு எனக்கு இல்லை மகள்.

புதன்கிழமை காலையில் நடந்த கூட்டத்தில் எந்தக் குறையும் இல்லை என்று நீயே ஒப்புக்கொள்வாய். ஊவா மாகாணத்தில் வாகனப் புகையையும் தொழிற்சாலைப் புகையையும் குறைக்க என்ன சட்டம் போடலாம், யாருக்கு உதவி கொடுக்கலாம் என்று அறிக்கை எழுத என் மகள் தன் பணிப்பாளரோடு வந்திருக்கிறாள் என்றதும், லொறிச் சொந்தக்காரர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் சங்கத்து லொறிகள் நாற்பத்து மூன்றும் புகைப் பரிசோதனையில் பாஸ் என்று சான்றிதழ் கோப்பை உன் கையிலேயே தந்தேன். "அப்படியென்றால் லொறிகளை விட்டுவிட்டு, விறகு எரிக்கிற தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து தொடங்கலாம்" என்று உன் பணிப்பாளர் சொன்னபோது, கைதட்டலை ஆரம்பித்து வைத்ததும் நான்தான்.

அதோடு வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்திருக்க வேண்டும். எங்கே படுக்க விட்டது விதி? அப்புத்தளை தோட்டக் கடைகளுக்கு மாவும் அரிசியும் அன்றைக்கே போயாக வேண்டும் என்று நானும் நம் லொறியில் ஏறினேன். அந்த லொறிக்கு முந்தின நாள்தான் பரிசோதனை. கராஜ்காரன் இன்பாஸ் இருக்கிறானே, அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டீசல் பம்ப்பின் திருகாணியை இறுக்கிக் குறைத்துவிட்டிருக்கிறான். டீசல் குறைந்தால் புகை குறையும், பாஸாகும். ஆனால் இழுவையும் குறையும். பாஸான பிறகு திரும்பத் திருகிவிட வேண்டும். அதற்குள் அவனுடைய மாமியாருக்குச் சுகமில்லையென்று கராஜைப் பூட்டிக்கொண்டு மகியங்கனைக்குப் போய்விட்டான். நான் என்ன கண்டேன்? தெமோதரை தாண்டி ஒரு வளைவில் லொறி பெருமூச்சு விட்டது, நின்றது. சாரதி ரமணன், "மொதலாளி, இது ஏறாதுங்க. வண்டிக்கு உசிரே இல்லைங்க" என்றான். பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் இன்னும் இரண்டு பஸ். பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். லொறியின் முன்னாலும் பின்னாலும் கொட்டை எழுத்தில் உன் பெயர் எழுதியிருக்கிறதல்லவா, நீ பிறந்த கிழமையில் எழுதியது, அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா, "பேரு வச்சீங்க, சோறு வைக்கலையா?" என்று கேட்டாள். லொறி ஏறவில்லை, என் மானம் மட்டும் கப்பல் ஏறியது.

ரமணன் நல்லெண்ணத்தோடு தானே திருகாணியைத் திருப்பினான். கைக்கு வந்தமட்டும் திருப்பிவிட்டான். லொறி உறுமிக்கொண்டு கிளம்பியது, கிளம்பும்போதே கன்னங்கரேலென்று ஒரு புகை. அந்த நேரம் பார்த்தா மகள், ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்புகிற உங்கள் வேன் பின்னால் வர வேண்டும்? புகை விலகியபோது உன் பணிப்பாளரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். பிறகு அவர் இறங்கிவந்து சான்றிதழ் கேட்டார். கொடுத்தேன். முந்தின நாள் திகதி, பாஸ். அவர் கடுதாசியைப் பார்த்தார், புகைக்குழாயைப் பார்த்தார், திரும்பவும் கடுதாசியைப் பார்த்தார். "காலையில் கோப்புத் தந்த செயலாளர்தானே, உங்களுக்கு உறவா?" என்று உன்னிடம் கேட்டார். நீ உறவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "எங்க வாப்பா சேர்" என்றாய். குரல் கொஞ்சம்கூடத் தாழவில்லை. நீ என்னை அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

வெட்கமாக இருக்கிறது மகள். தொழப் பள்ளிக்குப் போனாலும் பின்வரிசையில் நின்றுவிட்டு வருகிறேன். ஆனால் இது ஒரே லொறியில், ஒரே தடவை, இன்பாஸின் புத்தியால் வந்த பிழை. மற்ற நாற்பத்திரண்டும் தங்கம். அதனால் அடுத்த கிழமை அமைச்சுக்குப் போகிற உன் அறிக்கையில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. உம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள். அல்லாஹ் உன் கல்விக்கும் தொழிலுக்கும் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உன் வாப்பா ஜௌபர்

பி.கு: மேலே உள்ளதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மாமியாருக்குச் சுகமில்லாததைத் தவிர இதுல என்ன உண்மை ஈக்கி?" என்று கேட்டாள். கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னாள். வேறு எழுதினாலும் பொய்தான் வரும் என்று பயமாக இருந்தது, அதனால் இதையே அனுப்புகிறேன்.

இன்பாஸ் பாவம். குறைக்கச் சொன்னது நான். பதினொரு வருஷமாக நான்தான் சொல்கிறேன். நாற்பத்து மூன்றும் அப்படித்தான் பாஸானது. இன்னாருக்கு இன்ன நாளில் குறைக்க வேண்டும் என்று சங்கத்தில் முறை போட்டுக் கொடுப்பதே செயலாளரின் வேலை. முழுப் பூசணிக்காயை உன் அறிக்கைக்குள்ளேயே மறைக்கப் பார்த்தேன். சொல்லிவைத்து நடத்துகிற பரிசோதனையில் எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான் மகள். சொல்லாமல் வந்து தெருவில் பிடிக்கச் சொல்லி எழுது. இன்ஜினை ஒழுங்காகச் செய்துகொள்ள இங்கே பாதிப் பேருக்கு வசதி இல்லை என்பதையும் எழுது. பாஸ் என்று பொய் சொல்லி அந்த உதவியையும் கெடுத்தவன் நான்தான்.

இந்தத் தாளில் சங்கத்தின் முத்திரையைக் குத்தியிருக்கிறேன். அறிக்கையோடு இணைத்துவிடு. இனிச் சங்கத்தில் எவனும் எனக்கு ஸலாம் சொல்லமாட்டான். நீ சொன்னால் போதும்.