பவழமல்லியும் கைராசிக்காரரும்

அநியாயம் நடந்தது காட்டூர் பொன்னுத்தாய்க்கு. செய்தவர் அவளுடைய சொந்தப் புருஷன் அழகிரி. லால்குடியில் அம்மா வீட்டிலிருந்து பவழமல்லிக் கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் அவள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியவள் அவள். ஆடு கடிக்காமல் முள் கட்டியவள் அவள். மூன்றாம் வருஷம் மரம் பூத்துக் கொட்டியது. வீட்டுக்கு வந்த ஹெட்கிளார்க்கிடம் அழகிரி சொன்னார்: "எல்லாம் நம்ம கைராசி, சார்!"

கன்று வந்த அன்று இதே வாய்தான், "கொல்லையில காடு வளக்கப் போறியா?" என்று கேட்டது. இதற்கெல்லாம் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

காப்பி டம்ளரோடு நின்ற பொன்னுத்தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது மனுஷர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் பக்கத்து வீட்டு ராக்கம்மாள் பூஜைக்குப் பூ கேட்டு வந்தாள்.

"என்னைக் கேக்காதீங்கக்கா. மரம் அவரோடது. கைராசிக்காரர் கையால வாங்கினா வீட்டுல நல்லது நடக்கும்."

"அப்படியா!" என்றவள் திண்ணையில் இருந்த அழகிரி பக்கம் திரும்பினாள். "தம்பி, எங்க பொண்ணுக்கு வரன் பாக்கறோம். உங்க கையாலயே குடுங்க."

தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பவழமல்லியைக் கிளையிலிருந்து பறிப்பதில்லை. விடியலில் தானாக உதிரும். வேறு பூ கீழே விழுந்தால் சாமிக்கு ஆகாது, இதற்கு மட்டும் விலக்கு. ஆனால் மிதிக்கக் கூடாது. துடைப்பத்தால் கூட்டவும் கூடாது. குனிந்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். அழகிரி எடுத்தார்.

ராக்கம்மாள் பெண்ணுக்கு வரன் அமைந்து தொலைத்தது. அவ்வளவுதான்! புரட்டாசி பிறந்ததும் தெருவே கிண்ணத்தோடு கொல்லையில் நின்றது. திருவானைக்காவலிலிருந்துகூட ஒரு அம்மாள் வந்தாள்.

"பொன்னு, நீயும் கொஞ்சம் பொறுக்கேன்."

"ஐயோ, என் கையில ஏதுங்க ராசி?"

ஒரு சனிக்கிழமை விடியலில் அழகிரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவரால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே கத்தினார்:

"எல்லாரும் கேட்டுக்குங்க! இது என் மரம் இல்ல. கொண்டுவந்தவ, நட்டவ, தண்ணி ஊத்தினவ எல்லாம் இவதான். எனக்கு இருக்கிறது வெறும் வாய்!"

கிண்ணங்கள் எல்லாம் பொன்னுத்தாய் பக்கம் திரும்பின. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இடுப்பை இதமாக நீவிவிட்டாள்.

"தப்புத்தான், பொன்னு. இனிமே உன் மரத்தை நீ பாத்துக்குவேல்ல?"

"மரம் என்னுதுதாங்க. அதுக்குக் கீழ நிக்கிறவரும் என்னவர்தான். குனிஞ்சதுதான் குனிஞ்சீங்க, ராக்கம்மாக்கா கிண்ணத்தையும் ரொப்பிட்டு நிமிருங்க."